ஸ்கேனில் "குறை" என்று சொன்னால்: கர்ப்பத்தைத் தொடர்வதா, முடிப்பதா என்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குக் குறை இருக்கிறது என்று தெரிந்தால் கர்ப்பத்தைக் கலைக்க முடியுமா? மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் இந்தக் கேள்வியை யாரும் உரக்கக் கேட்பதில்லை. மெதுவாகக் கேட்டாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். "மலேசியாவுல அது குத்தம், ஜெயிலுக்குப் போகணும்" என்பார் ஒருவர். "குறைன்னு தெரிஞ்சா டாக்டரே எடுத்துடுவாரு, பயப்படாதே" என்பார் இன்னொருவர். இரண்டுமே தப்பு. சரியான பதில் நடுவில் எங்கோ இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள மருத்துவம் கொஞ்சம், கணக்கு கொஞ்சம், சட்டம் கொஞ்சம் தெரிய வேண்டும். அதைத்தான் இங்கே எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன். யாரையும் ஒரு பக்கம் தள்ளுவது என் வேலையில்லை.

பிறவிக் குறைபாடு என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் அடங்குபவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. உலகத்தில் எங்கே எடுத்துப் பார்த்தாலும் 100 பிரசவத்தில் ஏறக்குறைய 3 பிள்ளைகளுக்குக் குறிப்பிடத்தக்க குறை ஏதாவது இருக்கும். உதட்டுப் பிளவு அதில் ஒன்று. பிறந்த சில மாதங்களில் அறுவை சிகிச்சை செய்து சரிசெய்துவிடலாம். பாதம் உள்பக்கம் திரும்பி இருப்பது இன்னொன்று. வாரா வாரம் மாவுக்கட்டு மாற்றி மாற்றிப் போட்டே பெரும்பாலும் நேராக்கிவிடுகிறார்கள். இவற்றுக்காகக் கர்ப்பத்தை முடிப்பது பற்றி மருத்துவர்கள் பேசுவதே இல்லை.

மறுகோடியில் இருப்பவை வேறு மாதிரி. மண்டை ஓட்டின் மேல்பகுதியும் மூளையின் பெரும்பகுதியும் வளராமல் போகும் நிலை ஒன்று உண்டு. அந்தப் பிள்ளை உயிரோடு பிறந்தாலும் சில மணி நேரமோ சில நாளோதான். எட்வர்ட்ஸ் சிண்ட்ரோம் என்பது 18-ஆம் குரோமோசோம் (மரபணுக்களைச் சுமக்கும் இழை) இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பது. அப்படிப் பிறக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது முதல் பிறந்தநாளைப் பார்ப்பதில்லை.

இந்த இரண்டு கோடிக்கும் நடுவில் இருப்பவைதான் குடும்பங்களைத் தூங்கவிடாமல் செய்கின்றன. டவுன் சிண்ட்ரோம் (21-ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பது), முதுகுத்தண்டு மூடாமல் திறந்திருப்பது, சிக்கலான இதயக் குறைகள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும். அதே சமயம், நல்ல மருத்துவக் கவனிப்பு கிடைக்கும் நாடுகளில் அவர்கள் 60 வயது வரைக்கும் வாழ்கிறார்கள். சிலர் பள்ளிக்குப் போகிறார்கள், வேலைக்கும் போகிறார்கள். சிலருக்குக் கடைசிவரை பக்கத்தில் ஆள் வேண்டும். எந்தப் பிள்ளை எப்படி வரும் என்று எந்த ஸ்கேனும் சொல்லாது. அதனால் "குறை" என்ற சொல்லைக் கேட்டதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "என்ன குறை? அதன் பெயர் என்ன? எழுதிக் கொடுங்கள்" என்பதுதான். மிஸ்ஸி (நர்ஸ்) மலாயில் சொன்னதைப் பாதி புரிந்துகொண்டு வீட்டுக்கு வந்து, அதைத் தமிழில் கால்வாசியாகச் சொல்லி, அதை அக்கம்பக்கம் முழுசாக்கிவிடும் கதை நமக்குத் தெரிந்ததுதானே.

சந்தேகம் வேறு, உறுதி வேறு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பகாலப் பரிசோதனைகள் இரண்டு வகை. ஒன்று வடிகட்டும் பரிசோதனை. யாருக்கு ஆபத்து கூடுதலாக இருக்கலாம் என்று பிரித்துக் காட்டும், அவ்வளவுதான். இன்னொன்று உறுதிப்படுத்தும் பரிசோதனை. இருக்கிறதா இல்லையா என்று சொல்லும். முதலாவதன் முடிவை இரண்டாவதன் முடிவாக எடுத்துக்கொண்டு அழுது தீர்த்த குடும்பங்கள் நிறைய.

வடிகட்டும் பரிசோதனைகளில் முதலாவது 11 முதல் 14 வாரத்துக்குள் செய்வது. பிள்ளையின் பின்கழுத்தில் தோலுக்கடியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று ஸ்கேனில் அளப்பார்கள். கூடவே அம்மாவின் ரத்தத்தில் இரண்டு பொருள்களின் அளவைப் பார்ப்பார்கள். வயதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு "250-இல் 1" என்கிற மாதிரி ஒரு எண் வரும். அதைக் கேட்டதும் நெஞ்சு அடைத்துவிடும். ஆனால் அந்த எண்ணின் அர்த்தம், இதே நிலையில் உள்ள 250 பெண்களில் 249 பேருக்கு அந்தக் குறை இல்லாத பிள்ளை என்பது.

கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம். 30 வயது வாக்கில் உள்ள 10,000 கர்ப்பிணிகளை எடுத்துக்கொள்வோம். அந்த வயதில் டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று. அதாவது 10 பேருக்கு அப்படிப்பட்ட பிள்ளை. மேலே சொன்ன பரிசோதனை அந்தப் பத்தில் 9 பேரைச் சரியாகப் பிடித்துவிடும். நல்ல பரிசோதனைதான். ஆனால் மீதி 9,990 பேரில் நூற்றுக்கு 5 பேரையும் தவறாகப் பிடித்துவிடும். அது 500 பேர். ஆக, "உங்களுக்கு ஆபத்து அதிகம்" என்று தகவல் போவது 509 பேருக்கு. அதில் உண்மையிலேயே அந்தக் குறை இருப்பது 9 பேருக்குத்தான். மற்ற 500 பேரும் சும்மா பயந்தவர்கள்.

இப்போது என்.ஐ.பி.டி. என்று ஒரு ரத்தப் பரிசோதனை வந்திருக்கிறது. 1997-இல் ஹாங்காங்கைச் சேர்ந்த டென்னிஸ் லோவும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: பிள்ளையின் மரபணுத் துணுக்குகள் அம்மாவின் ரத்தத்தில் மிதக்கின்றன. அதை வைத்து வந்ததுதான் இது. 10 வாரத்திலிருந்தே அம்மாவின் கையில் ரத்தம் எடுத்தால் போதும். டவுன் சிண்ட்ரோமை நூற்றுக்கு 99 பேரிடம் கண்டுபிடித்துவிடும். தவறான எச்சரிக்கை ஆயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டாலும் நம் 10,000 பேரில் சரியாகப் பிடிபட்டவர்கள் 10, தவறாகப் பிடிபட்டவர்கள் 10. "99 சதவீதம் துல்லியம்" என்று விளம்பரத்தில் போட்டிருப்பது பொய்யில்லை. ஆனாலும் 30 வயதுப் பெண்ணுக்கு "பாசிட்டிவ்" என்று வந்தால் அது கிட்டத்தட்டப் பூவா தலையாதான். 40 வயதில் நிலைமை வேறு. அந்த வயதில் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்பதால் இதே "பாசிட்டிவ்" பதினொன்றில் பத்துத் தடவை உண்மையாக இருக்கும். தாளில் இருப்பது ஒரே சொல். வயதைப் பொறுத்து அதன் எடை மாறுகிறது. பரிசோதனையை விற்கும் இடத்தில் இதை யாராவது உட்காரவைத்துச் சொல்கிறார்களா என்றால், எல்லா இடத்திலும் இல்லை.

இன்னொரு சங்கதி. அந்தத் துணுக்குகள் உண்மையில் வருவது நச்சுக்கொடியிலிருந்து. நச்சுக்கொடியில் இருக்கும் கோளாறு பிள்ளையிடம் இல்லாமலும் இருக்கலாம். அதனால் இந்தப் பரிசோதனையை மட்டும் வைத்துக்கொண்டு கர்ப்பத்தை முடிக்கக் கூடாது என்று மருத்துவ அமைப்புகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

உறுதிப்படுத்துவதற்கு ஊசி வேண்டும். 11 முதல் 14 வாரத்துக்குள் என்றால் நச்சுக்கொடியிலிருந்து ஒரு துளி திசு எடுப்பார்கள். 15 வாரத்துக்குப் பிறகு என்றால் வயிற்றின் வழியாக மெல்லிய ஊசியை விட்டுப் பனிக்குட நீர் கொஞ்சம் எடுப்பார்கள். இதனால் கர்ப்பம் கலையும் வாய்ப்பு ஏறக்குறைய 200-இல் ஒன்று, அனுபவமுள்ள கைகளில் அதைவிடவும் குறைவு. முக்கியமான சில குரோமோசோம்களை மட்டும் பார்க்கும் வேகப் பரிசோதனை என்றால் முடிவு சில நாளில் வரும். எல்லாவற்றையும் வளர்த்துப் பார்ப்பதென்றால் இரண்டு மூன்று வாரம் ஆகும்.

உடல் அமைப்பில் தெரியும் குறைகளுக்கு ஊசி தேவையில்லாமலும் போகலாம். மண்டை ஓடு வளரவில்லை என்பது ஸ்கேனிலேயே கண்ணுக்குத் தெரியும். அதைக் கரு மருத்துவத்தில் தேர்ந்த நிபுணர் ஒருவர் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்தால் போதும். மாறாக, இதயத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, மூளையில் சின்ன நீர்க்கட்டி என்று ஸ்கேனில் வருவதெல்லாம் பெரும்பாலும் பிள்ளையைப் பாதிப்பதில்லை. வேறு எந்தக் குறையும் தெரியாதபோது இவை தனியாக வந்தால் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. அந்தப் புள்ளியைப் பற்றி யூடியூபில் தேடிக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டாம்.

வாரக் கணக்கு

உடல் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் விரிவான ஸ்கேன் 18 முதல் 22 வாரத்துக்குள் செய்வது. இதயத்தின் நான்கு அறைகள், முதுகுத்தண்டு, சிறுநீரகம், முகம் எல்லாம் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது. 20 வாரத்தில் ஸ்கேன் செய்து, ஏதோ இருக்கிறது என்று சொல்லி, ஈப்போ நகரத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அங்கே நிபுணர் பார்த்து, பனிக்குட நீர் எடுத்து, முடிவு வருவதற்குள் 23, 24 வாரம் ஆகிவிடும்.

மலேசியாவில் 22 வாரம் என்பது ஒரு முக்கியமான கோடு. அதற்குப் பிறகு பிறக்கும் சிசு பிழைக்க வாய்ப்பு உண்டு என்பதால் மருத்துவமனைகள் கர்ப்பத்தை முடிக்க மிகவும் தயங்கும். அதனால் ஒவ்வொரு வாரமும் முக்கியம்.

சரி, நம் ஊர்களில் என்ன நடக்கிறது? மூன்று மாதம் முடியாமல் யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஒரு பழக்கம். கண்பட்டுவிடும் என்று பயம். எல்பில், டோவன்பி, ஹீவூட் என்று சுற்றிலும் உள்ள தோட்டங்களில் சிலவற்றிலிருந்து நகரத்துக் கிளினிக்குக்கு வர வண்டி வேண்டும். வண்டி கணவரிடம், கணவர் வேலையில். கடைசியில் பிங்க் புத்தகம் (கிளினிக்கில் கர்ப்பத்தைப் பதியும் புத்தகம்) போடுவதே நாலாம் மாசம், ஐந்தாம் மாசம் என்று ஆகிவிடுகிறது. 11 முதல் 14 வாரத்துக்குள் செய்ய வேண்டியது எல்லாமே அதற்குள் போய்விடும். கடைசி மாதவிலக்குத் தேதி சரியாக நினைவில்லை என்றால் இன்னும் சிக்கல். எத்தனை வாரம் என்பதே குத்துமதிப்பு ஆகிவிடும். முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேன்தான் தேதியைச் சரியாகச் சொல்லும். ஊருக்குச் சொல்ல வேண்டாம், அது உங்கள் இஷ்டம். கிளினிக் மிஸ்ஸிக்குச் சொல்லிவிடுங்கள். அவர் கண் பட்டுவிடாது.

அரசாங்கக் கிளினிக்கில் எல்லாக் கர்ப்பிணிக்கும் விரிவான ஸ்கேன் தானாகக் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அங்கே செய்வது பெரும்பாலும் அடிப்படை ஸ்கேன். பிள்ளை இருக்கிறதா, துடிப்பு இருக்கிறதா, எத்தனை வாரம், நச்சுக்கொடி எங்கே என்று பார்ப்பது. வயது கூடுதல், சர்க்கரை, முந்தின பிள்ளைக்குக் குறை, குடும்பத்தில் பரம்பரை நோய் என்று ஏதாவது காரணம் இருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். சுங்கை சிப்புட்டில் இருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் ஈப்போவில் உள்ள ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை. காரணம் இருந்தும் அவர்கள் கேட்காவிட்டால் நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும். என்.ஐ.பி.டி. வேண்டுமென்றால் பொதுவாகத் தனியாரிடம், கைக்காசு போட்டு.

அந்தக் காரணங்களில் நம் சமூகத்துக்கு இரண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதலாவது சர்க்கரை. மலேசியாவில் இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் நீரிழிவு அதிகம். கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை இருந்து அது கட்டுப்பாட்டில் இல்லையென்றால், பிள்ளையின் இதயத்திலும் முதுகுத்தண்டிலும் குறை வரும் வாய்ப்பு கூடும். உறுப்புகள் உருவாவது முதல் எட்டு பத்து வாரத்தில். ஆகவே நாள் தள்ளிப்போனது தெரிந்த பிறகு சர்க்கரையைக் குறைக்க ஓடுவது நல்லதுதான், ஆனால் தாமதம். கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே அதைப் பார்க்க வேண்டும். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். வால்ப்ரோயேட் என்ற மருந்து முதுகுத்தண்டுக் குறையோடு தொடர்புள்ளது. தானாக நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் சொல்லி மாற்ற வேண்டும்.

இரண்டாவது சொந்தத்தில் கல்யாணம். 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் நெருங்கிய உறவில் மணப்பதைத் தடுக்கிறது. ஆனால் இந்துக்கள் தங்கள் வழக்கப்படி அக்காள் மகளை மணப்பதற்கு அதே சட்டத்தில் விலக்கு உண்டு. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக மரபணு சும்மா இருக்காது. அம்மா, அப்பா இருவரிடமும் ஒரே பழுதான மரபணு மறைந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு அந்த நோய் வரும். அத்தை மகன், மாமன் மகள் ஜோடிக்குப் பிறக்கும் பிள்ளைக்குக் குறை வரும் வாய்ப்பு, பொதுவான 3 சதவீதத்தின் மேல் இன்னும் 2, 3 சதவீதம் கூடும். தாய்மாமன் உறவு இன்னும் நெருக்கம். அப்படிப் பார்த்தாலும் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத்தான் பிறக்கிறார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பிங்க் புத்தகம் போடும்போது "சொந்தமா?" என்று கேட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், அவ்வளவுதான்.

கிரகணத்தன்று கத்தி பிடித்ததால் உதடு பிளந்தது, பப்பாளி சாப்பிட்டதால் இப்படி ஆனது, குலசாமிக்கு வேண்டுதல் பாக்கி என்பதெல்லாம் குறைக்குக் காரணம் இல்லை. டவுன் சிண்ட்ரோம் பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது குரோமோசோம் சரியாகப் பிரியாமல் போவதால் வருவது. அந்தப் பெண் செய்த எதனாலும் அது வரவில்லை. செய்யாமல் விட்ட எதனாலும் வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு. ஒரு பெண்ணின் கர்ப்பத்தை வேண்டுமென்றே கலைப்பது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வயிற்றில் பிள்ளையின் அசைவு தெரிய ஆரம்பித்த பிறகு என்றால் ஏழு ஆண்டு வரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணுக்கும் இது பொருந்தும். இதுவரை படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் "மலேசியாவில் முடியவே முடியாது" என்று சொல்கிறார்கள்.

1989-இல் அந்தப் பிரிவில் ஒரு விதிவிலக்கு சேர்க்கப்பட்டது. பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர், கர்ப்பம் தொடர்ந்தால் தாயின் உயிருக்கோ, உடல் நலத்துக்கோ, மனநலத்துக்கோ வரக்கூடிய ஆபத்து, கர்ப்பத்தை முடிப்பதால் வரும் ஆபத்தைவிடப் பெரியது என்று நல்லெண்ணத்தோடு கருதினால், அவர் கர்ப்பத்தை முடிக்கலாம். மனநலம் என்பதும் அதில் இருக்கிறது. பலருக்குத் தெரியாதது இதுதான். மருத்துவத் துறைக்குள்ளேயே தெளிவில்லாதவர்கள் உண்டு.

கவனித்தால் ஒன்று புரியும். அந்த விதிவிலக்கில் பிள்ளையின் குறை பற்றி ஒரு வார்த்தை இல்லை. சட்டம் பார்ப்பது தாயை. "பிள்ளைக்குக் குறை இருக்கிறது, ஆகவே கலைக்கலாம்" என்று சட்டப்படி சொல்ல முடியாது. "பிழைக்கவே முடியாத பிள்ளையை இன்னும் நான்கு மாதம் சுமக்கச் சொன்னால் இந்தப் பெண்ணின் மனநலம் என்ன ஆகும்" என்றுதான் மருத்துவர் எடைபோட வேண்டும். ஆகையால் மருத்துவரிடம் பேசும்போது ஸ்கேன் முடிவை மட்டும் பேசாமல் உங்கள் நிலைமையையும் சொல்ல வேண்டும். தூக்கமில்லை, சாப்பிட முடியவில்லை, முன்பு மனச்சோர்வு இருந்தது, இரத்த அழுத்தம் ஏறுகிறது என்பதெல்லாம் கோப்பில் எழுதப்பட வேண்டிய விஷயங்கள். புலம்பல் என்று நினைத்து விழுங்கிவிடக் கூடாது.

அரசாங்க மருத்துவமனைகளுக்காகச் சுகாதார அமைச்சு 2012-இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. ஒரே மருத்துவரின் முடிவாக விடாமல் நிபுணரையும் சேர்த்துத்தான் அங்கே முடிவெடுப்பார்கள். 312-ஆம் பிரிவில் கணவர் கையெழுத்து வேண்டும் என்று இல்லை. நடைமுறையில் பல இடங்களில் கேட்பார்கள். ஒரு மருத்துவருக்கு மனசாட்சிப்படியோ மார்க்கப்படியோ இதில் ஈடுபாடு இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் வேறொருவரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், அதற்காகச் சண்டை தேவையில்லை. 120 நாளுக்குப் பிறகு கலைக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் அது முஸ்லிம்களுக்கான தேசிய ஃபத்வா மன்றம் 2002-இல் எடுத்த முடிவிலிருந்து வருவது. தண்டனைச் சட்டத்தில் அந்த எண் கிடையாது.

தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் காணொளிகளால் ஒரு குழப்பம் வரும். இந்தியாவில் 2021-இல் சட்டத்தைத் திருத்தி, கடுமையான குறை என்று மருத்துவ வாரியம் உறுதி செய்தால் வார வரம்பே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். பக்கத்தில் சிங்கப்பூரில் 24 வாரம் வரை அனுமதி. வெளிநாட்டவருக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. அவை அந்தந்த நாட்டுக்கு. ஈப்போ டாக்டரிடம் போய்ச் சென்னைச் சட்டத்தைப் பேசிப் பயனில்லை.

தொடர்வது, முடிப்பது

உறுதியான முடிவு கையில் வந்த பிறகு சிலர் தொடர்கிறார்கள். பிழைக்காது என்று தெரிந்தும், பிறக்கட்டும், கையில் வாங்கிக்கொள்கிறோம் என்று நினைப்பவர்கள் உண்டு; அதற்கும் மருத்துவமனையில் திட்டமிட்டுப் பராமரிப்பார்கள். இதயக் குறை என்றால் எங்கே பிரசவம், பிறந்ததும் யார் பார்ப்பது, கோலாலம்பூரில் உள்ள தேசிய இதயக் கழகத்துக்குப் போக வேண்டி வருமா என்று முன்கூட்டியே பேசி வைக்கலாம். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைக்குச் சமூக நலத் துறையின் ஓ.கே.யூ. அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை), உதவித்தொகை, பி.டி.கே. என்று அழைக்கப்படும் சமூக மறுவாழ்வு மையம் எல்லாம் இருக்கின்றன. முடிவெடுப்பதற்கு முன்பு அப்படி ஒரு மையத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவது, பத்துப் பேரின் அறிவுரையைவிடப் பிரயோசனம் என்பது என் அபிப்பிராயம். பார்த்துவிட்டு "நம்மால் முடியும்" என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள், "நம் நிலைமையில் முடியாது" என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

முடிப்பது என்று முடிவானால் எப்படி நடக்கும்? முதல் மூன்று மாதத்தில் என்றால் பெரும்பாலும் மயக்கம் கொடுத்துச் சில நிமிடங்களில் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். குறைகள் உறுதியாவதோ பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். நாலு, ஐந்து மாதத்தில் மருந்து கொடுத்து வலியை வரவழைத்துப் பிரசவம் போலவே நடக்கும். இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால் அதிர்ந்துபோகிற பெண்கள் உண்டு; "மாத்திரை கொடுப்பாங்க, தூங்கி எழுந்தா முடிஞ்சிடும்" என்று நினைத்துப் போயிருப்பார்கள். வலி இருக்கும், வலி மருந்தும் கேட்கலாம். ஒரு நாள், இரண்டு நாள் வார்டில் இருக்க வேண்டி வரலாம். பிள்ளையைப் பார்க்க வேண்டுமா, கையில் வாங்க வேண்டுமா, அடக்கம் செய்ய வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமா என்பதை முன்பே யோசித்து மிஸ்ஸியிடம் சொல்லி வைத்துவிட்டால் அந்த நேரத்தில் தடுமாற வேண்டியிருக்காது. பார்க்க வேண்டாம் என்று சொன்னாலும் தப்பில்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இணையத்தில் விற்கும் மாத்திரை, பெயர்ப்பலகை இல்லாத கிளினிக், நாட்டு மருந்து எதற்கும் போகாதீர்கள். நாலாம் மாதத்துக்குப் பிறகு வீட்டில் ஆரம்பிக்கும் ரத்தப்போக்கு உயிரை எடுக்கும். சட்டப் பாதுகாப்பும் பதிவு பெற்ற மருத்துவர் செய்தால்தான் உண்டு.

வீட்டில் யார் முடிவெடுப்பது? நம் பக்கத்தில் அத்தை ஒன்று சொல்வார், அம்மா ஒன்று சொல்வார், தாய்மாமன் ஜோசியரிடம் போய்வந்து ஒன்று சொல்வார். அக்கறைதான், மறுக்கவில்லை. ஆனால் டாக்டர் அறைக்குள் கணவனும் மனைவியும் போனால் போதும். அதிலும் பெண்ணைத் தனியாக ஐந்து நிமிடம் பேசவிடச் சொல்லி டாக்டரே கேட்பதுண்டு. அப்போது கணவர் கோபித்துக்கொள்ளாமல் வெளியே போய் நிற்க வேண்டும். மலாய் சரளமாக வராத பெண் என்றால் மொழிபெயர்க்க மாமியாரைக் கூட்டிப் போகாதீர்கள். தமிழ் தெரிந்த மிஸ்ஸியோ டாக்டரோ இருக்கிறாரா என்று கேளுங்கள், பேராக்கில் கிடைக்காமல் போகாது.

அதற்குப் பிறகு

நாலு ஐந்து மாதத்தில் முடிந்த கர்ப்பத்துக்குப் பிறகும் இரண்டு மூன்று நாளில் மார்பில் பால் சுரக்கும். பிள்ளை இல்லாத வீட்டில் அது படுத்தும் பாடு சொல்லி முடியாது. பாலை நிறுத்த மாத்திரை இருக்கிறது, வார்டை விட்டு வருவதற்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். அடுத்த பிள்ளையைக் காப்பதற்கான ஊசி அது. நம்மவர்களில் நெகட்டிவ் வகை மலாய்க்காரர், சீனரைவிடக் கூடுதல் என்பதால் இதை மறக்கக் கூடாது.

துக்கம் இரண்டு வாரத்தில் போய்விடாது. விரும்பிச் சுமந்த கர்ப்பம் அது. "நீதானே வேணாம்னு சொன்னே, இப்ப எதுக்கு அழுகிறே" என்று கேட்பவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். முடிவெடுத்தவருக்கும் அழ உரிமை உண்டு. பல வாரங்கள் ஆகியும் எழுந்து வேலையைப் பார்க்க முடியாமல் இருந்தால் கிளினிக்கிலேயே சொல்லலாம். மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். அது பைத்தியத்துக்கான வைத்தியம் இல்லை.

அடுத்த பிள்ளைக்கும் இப்படி ஆகுமா என்ற கேள்விக்குப் பதில், என்ன குறை என்பதைப் பொறுத்தது. சாதாரண வகை டவுன் சிண்ட்ரோம் என்றால் மறுபடி வரும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றில் ஒன்று, வயது கூடினால் அந்த வயதுக்குரிய அளவு. மூளை, முதுகுத்தண்டுக் குறை என்றால் நூற்றில் மூன்று வாக்கில். பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்த நோய் என்றால் நான்கில் ஒன்று. இதைச் சரியாகச் சொல்ல வேண்டுமானால் பிள்ளையின் திசுவைப் பரிசோதித்திருக்க வேண்டும். ஆகவே "டெஸ்ட் பண்ணலாமா?" என்று வார்டில் கேட்டால் துக்கத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடாமல் ஒரு நிமிடம் யோசியுங்கள். கோலாலம்பூர் மருத்துவமனையில் மரபியல் பிரிவு இருக்கிறது. ஈப்போவிலிருந்து எழுதி அனுப்புவார்கள்.

முதுகுத்தண்டுக் குறைக்கு மட்டும் ஒரு நல்ல செய்தி உண்டு. சாதாரணமாக எல்லாப் பெண்களும் கர்ப்பம் தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சாப்பிட வேண்டும். முன்பு இப்படி ஒரு பிள்ளை இருந்திருந்தால் டாக்டர் எழுதிக்கொடுக்கும் அளவு 5 மில்லிகிராம், பத்து மடங்குக்கும் மேல். அந்த மாத்திரை மறுபடி வரும் வாய்ப்பைப் பெரிய அளவில் குறைக்கிறது. இதை வாங்கக் கர்ப்பம் ஆகும்வரை காத்திருந்தால் பலன் குறைந்துவிடும். கல்யாணம், தீபாவளி என்று தேதி குறிக்கிற வீட்டில், அடுத்த பிள்ளைக்குத் திட்டம் போட்ட அன்றைக்கே பழைய ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய் மாத்திரையை எழுதி வாங்கிக்கொள்ளலாம்.